குனிந்திருப்பவன் எந்தக் கணக்கில்?

போர்க்களத்தைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவரலாம் என்று வாதிடுபவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இவோ ஜிமாவைத்தான். ஜப்பானுக்குத் தெற்கே, பசிபிக் கடலில், கந்தக நெடி வீசும் சின்ன எரிமலைத் தீவு அது. 1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கப் படை அங்கே கரையேறியது. பிறகு போடப்பட்ட கணக்கின்படி, முதல் நாளில் 54,000 பேர்; அடுத்த சில நாட்களுக்குள் இரண்டு தவணையாக 6,000 பேரும் 13,000 பேரும். ஆக மொத்தம் 73,000. எதிரே பாறையைக் குடைந்து உட்கார்ந்திருந்த ஜப்பானியர் சுமார் 21,500. 1954ல் ஜே. எச். எங்கல் என்ற ஆய்வாளர் இந்தச் சண்டை முழுவதையும் இரண்டே மாறிலிகளில் எழுதிக் காட்டினார். ஒரு ஜப்பானியச் சிப்பாய் ஒரு நாளில் சராசரியாக 0.0544 அமெரிக்கரைக் களத்திலிருந்து அகற்றுகிறார். ஒரு அமெரிக்கச் சிப்பாய் 0.0106 ஜப்பானியரை அகற்றுகிறார். சரக்கு அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு, எந்த நாளில் எத்தனை அமெரிக்கர் களத்தில் எஞ்சியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டால், 36 நாளும் படைப் பதிவேட்டின் எண்ணிக்கையை ஒட்டியே கோடு இறங்குகிறது.

முதல் தடவை அந்த வரைபடத்தைப் பார்க்கும் எவரும் கொஞ்சம் மயங்கத்தான் செய்வார்கள். ரத்தமும் புகையும் கூச்சலும் நிறைந்த ஒன்று, பள்ளிக்கூடக் கணக்கு போல இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளுமா? எங்கல் எழுதியதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அதை வைத்து மற்றவர்கள் கட்டிய நம்பிக்கை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது வேறு கேள்வி.

சமன்பாடுகளுக்குச் சொந்தக்காரர் எஃப். டபிள்யூ. லான்செஸ்டர். ராணுவத்துக்காரர் அல்ல, இங்கிலாந்தில் பெட்ரோல் கார் செய்த முன்னோடிப் பொறியாளர்களில் ஒருவர், விமானம் பறப்பதன் கணிதத்தையும் ஆராய்ந்தவர். 1914ல் ஒரு பொறியியல் இதழில் எழுதிய கட்டுரைகளை 1916ல் விமானப் போர் பற்றிய நூலாகக் கொண்டுவந்தார். அவருடைய வாதம் எளிது. வாளும் ஈட்டியும் கொண்டு சண்டையிட்ட காலத்தில் ஒருவனோடு ஒருவன்தான் மோத முடியும். பின்வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் முன்வரிசையில் இருப்பவனுக்கே வேலை. அங்கே படையின் பலம் தலையெண்ணிக்கைக்கு நேர்விகிதம். துப்பாக்கி வந்த பிறகு, ஒரே எதிரியை ஐந்து பேர் சேர்ந்து குறிபார்க்கலாம். ஆட்கள் கூடும்போது சுடும் கைகளும் கூடுகின்றன, எதிரியின் குண்டு பிரிந்து விழும் இலக்குகளும் கூடுகின்றன. ஆகவே பலம் எண்ணிக்கையின் இருபடிக்கு விகிதம். ஐந்து பேரும் நான்கு பேரும் சமத் திறமையோடு கடைசிவரை சுட்டுக்கொண்டால், 25லிருந்து 16 போக 9. அதன் வர்க்கமூலம் 3. நான்கு பேரும் மாள்வார்கள், ஐந்து பேரில் மூன்று பேர் எஞ்சுவார்கள். ஒரு ஆள் கூடுதலாக இருந்ததற்கு இவ்வளவு லாபம்.

லான்செஸ்டர் இதை பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் நெல்சனின் திட்டத்தில் பொருத்திப் பார்த்தார். டிரஃபால்கர் கடற்போருக்குச் சில நாள் முன்பு, 1805 அக்டோபரில், நெல்சன் தன் தளபதிகளுக்கு எழுதிய குறிப்பில் தன் பக்கம் 40 கப்பல், எதிரிக்கு 46 என்று வைத்துக்கொள்கிறார். நேருக்கு நேர் மோதினால் 1600க்கு எதிராக 2116, தோல்வி நிச்சயம். நெல்சன் எதிரி வரிசையை நடுவில் பிளக்கிறார். 32 கப்பல்கள் எதிரியின் ஒரு பாதியான 23 மீது பாய்கின்றன, மீதி 8 கப்பல்கள் மற்றப் பாதியைத் தாமதப்படுத்துகின்றன. இப்போது கூட்டிப் பாருங்கள்: 1024ம் 64ம் சேர்ந்து 1088, எதிரிக்கு 529ம் 529ம் சேர்ந்து 1058. எண்ணிக்கையில் குறைந்தவர் இருபடிக் கணக்கில் மயிரிழையில் முந்திவிடுகிறார்.

அழகான கணக்கு. உண்மையில் நடந்தது என்ன? களத்துக்கு வந்தவை 27க்கு 33. பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டணி 22 கப்பல்களை இழந்தது. பிரிட்டிஷார் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. மயிரிழை வெற்றியைச் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில் இந்த முடிவை வைத்தால் ஒன்று தெரியும்: படையைக் குவிக்க வேண்டும் என்ற திசையைக் கணக்கு சரியாகக் காட்டியது, எவ்வளவு தூரம் என்பதில் அது எங்கோ நின்றுவிட்டது. பிரிட்டிஷ் பீரங்கிக்காரர்கள் மறுகுண்டு போடும் வேகம், துறைமுகத்திலேயே முடங்கிக் கிடந்த எதிரி மாலுமிகளின் பயிற்சிக் குறைவு, இவையெல்லாம் ஒரு மாறிலிக்குள் ஒளிந்திருக்கின்றன. அந்த மாறிலியின் மதிப்பைப் போருக்கு முன்பு யாரும் சொல்ல முடியாது. போருக்குப் பின்பு சொல்வதற்குச் சமன்பாடு தேவையே இல்லை.

இப்போது எங்கலின் வரைபடத்துக்கு வரலாம். அதன் பொருத்தத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, நாள்வாரிப் பதிவு ஒரு தரப்புக்குத்தான் கிடைத்தது. ஜப்பானியர் எந்த நாளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு ஆவணம் இல்லை. தொடக்கத்தில் 21,500, முடிவில் கிட்டத்தட்ட எவரும் இல்லை என்ற இரு முனைகளிலிருந்துதான் இரண்டாவது மாறிலி பிடிக்கப்பட்டது. இரண்டு, மெதுவாகச் சரிந்து தட்டையாகும் ஒரு கோட்டை இரண்டு மாறிலிகளைத் திருகி ஒட்டவைக்க வேறு பல சமன்பாடுகளாலும் முடியும். ஒட்டியது என்பதால் இருபடி விதிதான் காரணம் என்றாகாது. மூன்றாவது ஓட்டைதான் பெரியது. இவோ ஜிமா போல ஒரு சண்டைக்களம் வரலாற்றில் அபூர்வம். தப்பிப் போக வழியில்லாத தீவு, ஜப்பானியருக்கு வலுவூட்டல் வரும் வாய்ப்பில்லை, பின்வாங்கல் இல்லை, சரணடைந்தவர்கள் மிகக் குறைவு. லான்செஸ்டரின் கணிதம் என்னென்ன நிபந்தனைகளைக் கேட்டதோ அவையெல்லாம் தாமாகவே அமைந்த இடம். அங்கே விதி ஒட்டவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

அந்த இரண்டு மாறிலிகளின் விகிதத்தையும் பாருங்கள்: ஐந்துக்குச் சற்று மேல். ஒரு ஜப்பானியர் ஐந்து அமெரிக்கருக்குச் சமம் என்று வாசிக்கத் தோன்றும். அது வீரத்தின் அளவு அல்ல. ஜப்பானியத் தளபதி குரிபயாஷி கடற்கரையில் தடுக்க வேண்டாம், கூட்டமாகப் பாய்ந்து சாக வேண்டாம் என்று உத்தரவிட்டு, தீவு முழுக்கச் சுரங்கம் தோண்டவைத்தார். மரைன் படையினர் கேட்டது பத்து நாள் கப்பல் பீரங்கித் தாக்குதல். கிடைத்தது மூன்று நாள். அந்தக் குண்டுமழை முழுவதும் ஜப்பானியர் பூமிக்கடியில் இருந்தார்கள், கரையில் ஆட்கள் நெருக்கியடித்து நின்ற பிறகு சுடத் தொடங்கினார்கள். எங்கலின் 0.0544 என்ற எண்ணுக்குள் பாறையும் சுரங்கமும் பொறுமையும் இருக்கின்றன. 0.0106க்குள் நெருப்புப் பீய்ச்சியும் கப்பல் பீரங்கியும் இருக்கின்றன. எண் என்னவோ ஒரு சிப்பாயின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

மற்றப் போர்களில் இந்த விதி என்ன ஆயிற்று? லான்செஸ்டரை அறியாமலே ரஷ்யாவில் எம். ஓசிபோவ் 1915ல் இதே பாதையில் சென்று, தன் சூத்திரத்தை 38 போர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற அந்த எண்ணத்துக்காகவே அவருக்கு என் மதிப்பு கூடுதல். 1962ல் டி. வில்லர்ட் 1618 முதல் 1905 வரையிலான சுமார் 1,500 போர்களை எடுத்துக்கொண்டார். இருபடி விதியோ நேர்விதியோ அந்தக் குவியலிலிருந்து எழுந்து வரவில்லை. போருக்கு ஒரு எண்ணிக்கை என்று வைத்தால் நுணுக்கம் தெரியாது, நாள்வாரி விவரம் வேண்டும் என்று அடுத்த தலைமுறை காத்திருந்தது. 1944 டிசம்பரில் தொடங்கிய ஆர்டென் சண்டைக்கு அப்படி ஒரு தரவுத்தளம் கிடைத்தது. 1995ல் ஜெரோம் பிராக்கன் முதல் பத்து நாட்களை எடுத்து, ஒரு டாங்கிக்கு 20, ஒரு பீரங்கிக்கு 40 ஆள் என்று எடை கொடுத்துக் கூட்டி, நேர்விதி பொருந்துகிறது என்றார். (ஒரு பீரங்கி ஏன் நாற்பது ஆள், முப்பதோ அறுபதோ ஏன் இல்லை என்று கேட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.) மூன்று ஆண்டு கழித்து ரொனால்ட் ஃபிரிக்கர் அதே சண்டையை முழு நீளத்துக்கு எடுத்து, விமானத் தாக்குதலையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு விதியும் நிற்கவில்லை. ஒரு தரப்பின் இழப்பைத் தீர்மானிப்பதில் எதிரியின் எண்ணிக்கையைவிடத் தன் எண்ணிக்கைக்கே அதிகப் பங்கு என்ற விநோதமான முடிவு வந்தது. களத்தில் ஆள் அதிகம் இருந்தால் அதிகம் பேர் அடிபடுகிறார்கள் என்று அதற்குப் பொருள். துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எதுவுமே சொல்லாத ஒரு துப்பாக்கிச் சூட்டு விதி! 2004ல் தாமஸ் லூக்கஸும் துர்கர் துர்கெஷும் குர்ஸ்க் சண்டையின் தரவையும் சேர்த்து ஆராய்ந்து, அடுக்குகளை எப்படி மாற்றினாலும் பொருத்தம் பெரிதாக மாறுவதில்லை, எதுவும் நன்றாகப் பொருந்துவதும் இல்லை என்று காட்டினார்கள்.

தரவு மோசம் என்று சொல்லித் தப்பிக்கலாம். தரவு மோசம்தான். ஆனால் தொண்ணூறு ஆண்டுத் தேடலில் ஒரு விதி தன் அடுக்கு ஒன்றா இரண்டா என்றுகூடச் சொல்லத் திணறினால், அது அளப்பது போரின் மையத்தை அல்ல என்று சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சமன்பாடு ஒரு தரப்பு பூஜ்யத்தைத் தொடும்வரை ஓடுகிறது. மனிதர்கள் அப்படிச் சண்டையிடுவதில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். முப்பது சதம் இழந்தால் படைப்பிரிவு உடையும் என்பது போன்ற வாய்ப்பாடுகளை ராணுவக் கையேடுகள் நெடுங்காலம் சுமந்தன. 1954லேயே டோரதி கிளார்க் இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கப் பட்டாலியன்களின் 44 மோதல்களை ஆராய்ந்து, உடைந்த நேரத்தில் இருந்த இழப்பு விகிதம் மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியதுவரை சிதறிக் கிடக்கிறது, இழப்பை வைத்து உடைவைச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். எங்கலின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு. எங்கல் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டார்; கிளார்க்கின் அறிக்கையை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பொருந்தும் கோட்டுக்கு உள்ள வசீகரம் பொருந்தாத புள்ளிகளுக்கு இல்லை.

சாவு அல்லாமல் வேறெது படையை நிறுத்துகிறது? பதில் களத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். குண்டு தலைக்கு மேல் போகும்போது ஆள் குனிகிறான். குனிந்தவன் சுடுவதில்லை, பார்ப்பதில்லை, நகர்வதில்லை. அவன் உயிரோடுதான் இருக்கிறான். அந்த நேரத்துக்குப் படையில் இல்லாதவன். இதை முடக்கம் என்று அழைப்போம். நம் ஆடுபுலி ஆட்டத்தில் இந்த வேறுபாடு கச்சிதமாக இருக்கிறது. புலி வெல்வது ஆடுகளை வெட்டித் தேய்ப்பதால். ஆடுகள் ஒரு புலியையும் கொல்வதில்லை. நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. வெட்டுப்பட்ட காய்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, ஆடுகள் எப்படி ஜெயித்தன என்று கடைசிவரை விளங்காது.

வெட்டுப்பட்டதை மட்டும் எண்ணியதன் விலை 1916ல் தெரிந்தது. சோம் நதிக்கரையில் ஜூலை 1 அன்று காலாட்படை புறப்படும் முன்பு, பிரிட்டிஷ் பீரங்கிகள் ஒரு வாரம் விடாமல் சுமார் 15 லட்சம் குண்டுகளை ஜெர்மன் அரண்கள் மீது கொட்டின. அழித்துவிடலாம் என்பது திட்டம். ஜெர்மானியர் பத்தடி அல்ல, இருபது முப்பது அடி ஆழப் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். அந்த வாரம் முழுவதும் அவர்கள் முடங்கித்தான் கிடந்தார்கள், உணவில்லை, தூக்கமில்லை. காலை ஏழரைக்குப் பீரங்கிகள் தம் இலக்கைப் பின்னால் உள்ள வரிசைக்கு மாற்றின. முடக்கம் அந்த நொடியே விலகியது. இயந்திரத் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு படியேறி வர அவர்களுக்குச் சில நிமிடம். பிரிட்டிஷ் சிப்பாய்கள் இரு அரண்களுக்கும் நடுவிலிருந்த வெட்டவெளியைக் கடக்க அதைவிடக் கூடுதல் நேரம். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் வீழ்ந்தார்கள், அவர்களில் 19,240 பேர் இறந்தார்கள். அந்த நாளை நிர்ணயித்தது குண்டுகளின் எண்ணிக்கை அல்ல. குண்டு நின்றதற்கும் எதிரி தலைதூக்கியதற்கும் இடையிலான சில நிமிடங்கள்.

இரண்டே ஆண்டுகளில் ஜெர்மானியர் இந்தப் பாடத்தைத் திருப்பிப் படித்தார்கள். கியோர்க் புரூக்முல்லர் என்ற பீரங்கி அதிகாரி, எதிரியை அழிக்க வேண்டியதில்லை, தன் காலாட்படை பக்கத்தில் போய்ச் சேரும்வரை முடக்கி வைத்தால் போதும் என்று பீரங்கித் திட்டத்தையே அதற்கேற்ப வகுத்தார். 1918 மார்ச் 21 அன்று அதிகாலை ஐந்து மணி நேரத்தில் 6,000க்கும் மேற்பட்ட பீரங்கிகள் பத்து லட்சத்துக்கும் அதிகமான குண்டுகளை வீசின. விஷவாயு பிரிட்டிஷ் பீரங்கிக்காரர்களை முகமூடிக்குள் தள்ளியது, தந்திக் கம்பிகள் அறுந்தன, சிப்பாய்கள் நகரும் குண்டுத்திரைக்கு ஒட்டியே பின்னால் வந்தார்கள். மூடுபனியும் கைகொடுத்தது; அந்தப் பங்கை மறைக்க வேண்டியதில்லை. அன்று மாலை இழப்புகளைக் கூட்டினால் ஜெர்மன் பக்கம் சுமார் 40,000, பிரிட்டிஷ் பக்கம் சுமார் 38,500. ஆள் இழப்பை மட்டும் எண்ணும் தேய்வுக் கணக்கில் இது சமநிலை, ஜெர்மானியருக்குச் சற்று நஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பிரிட்டிஷ் இழப்பில் 21,000 பேர் உயிரோடு பிடிபட்டவர்கள். ஆண்டுக்கணக்கில் அசையாத முன்னரண் வரிசை ஒரே நாளில் உடைந்தது. (அந்தத் தாக்குதல் கடைசியில் ஜெர்மனிக்குப் போரைப் பெற்றுத் தரவில்லை, அது வேறு கதை, வேறு தவறுகள்.)

1943 ஜூனில் இத்தாலியின் பாண்டெலேரியா தீவில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. நேச நாட்டு விமானங்கள் 6,000 டன்னுக்கு மேல் குண்டு போட்டன. தரைப்படை கால் வைத்ததும் 11,000 பேர் கொண்ட காவல்படை சரணடைந்தது. செத்தவர்கள் சொற்பம். இறங்கிய பிரிட்டிஷ் தரப்பில் காயம்பட்டது கோவேறு கழுதை கடித்த ஒரே ஒரு சிப்பாய் என்று மாலுமிகள் சொன்ன கதையைச் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் சேர்த்திருக்கிறார். இவோ ஜிமாவும் தீவு, இதுவும் தீவு. ஒன்றில் விதி கோடு போட்டது போல் ஒட்டுகிறது, மற்றதில் அதற்கு வேலையே இல்லை.

முடக்கத்தைச் சமன்பாட்டுக்குள் சேர்க்க முடியாதா? முடியும், கடினமும் இல்லை. ஆட்களை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சுடுபவர், குனிந்திருப்பவர், வீழ்ந்தவர். சுடுபவர்கள் எதிர்த்தரப்பைக் குனியவைக்கிறார்கள். குனிந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் மீண்டும் தலைதூக்குகிறார்கள். சாவை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு இந்த இரண்டை மட்டும் போட்டுப் பார்க்கலாம். 100 பேருக்கு எதிராக 80 பேர். எதிரே சுடும் ஒவ்வொருவனும் குறிப்பிட்ட ஓர் ஆளைச் சராசரியாக 100 நொடிக்கு ஒரு தடவை குனியவைக்கிறான், குனிந்தவன் எழ 20 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சமநிலையில் என்ன கிடைக்கிறது? 100 பேரில் 31 பேர்தான் சுடுகிறார்கள். 80 பேரில் 11 பேர். எண்ணிக்கையில் ஒன்றேகால் மடங்காக இருந்த மேன்மை, சூட்டில் 2.8 மடங்காகிவிட்டது, ஒருவர்கூடச் சாவதற்கு முன்பே.

இந்தச் சின்னக் கணக்கு, லான்செஸ்டரால் விளக்க முடியாத இரண்டை ஒரே வீச்சில் விளக்குகிறது. முதலாவது, போரில் குண்டுகள் ஏன் இவ்வளவு வீணாகின்றன என்பது. பிரிட்டனில் டேவிட் ரோலண்ட் குழுவினர் லேசர் கருவி பொருத்திய பயிற்சிச் சண்டைகளையும் பழைய போர்ப் பதிவுகளையும் ஒப்பிட்டபோது, உண்மைப் போரில் சிப்பாயின் சுட்டு வீழ்த்தும் திறன் பயிற்சியில் கண்டதில் சிறு பங்குதான் என்று தெரிந்தது. லேசர் ஒளிக்கு யாரும் குனிவதில்லையே. இரண்டாவது, சூட்டில் முந்தியவன் ஏன் சட்டென்று களத்தைக் கைப்பற்றுகிறான், மெல்ல மெல்ல அல்ல என்பது. எதிரி குனியக் குனிய நம்மவர் நிமிர்கிறார்கள். நிமிர்ந்தவர் எண்ணிக்கை எதிரியை மேலும் குனியவைக்கிறது.

ஆகவே முடக்கச் சமன்பாடு தேய்வுச் சமன்பாட்டைவிட உண்மைக்கு நெருக்கம். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கம் வருவது அடுத்த அடியில். அந்த 20 நொடியை 2 நொடியாக்கிப் பாருங்கள். இப்போது 57 பேரும் 37 பேரும் சுடுகிறார்கள். மேன்மை ஒன்றரை மடங்கு மட்டும். முடிவு முழுவதும் குனிந்தவன் எழும் நேரத்தில் தொங்குகிறது, அந்த நேரத்துக்குப் பதிவேடு கிடையாது. செத்தவனுக்குச் சான்றிதழ் உண்டு, காயம்பட்டவனுக்கு மருத்துவமனைச் சீட்டு உண்டு, பிடிபட்டவனுக்குப் பட்டியல் உண்டு. எட்டு நொடி மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தவனை எந்த எழுத்தரும் குறித்துவைக்கவில்லை. கணிதம் செத்தவர்களைச் சுற்றியே வளர்ந்ததற்குக் காரணம் அவர்கள் முக்கியம் என்பதல்ல, அவர்களைத்தான் எண்ண முடிந்தது.

சோதனை செய்து அளக்கலாம் என்று 1970களில் அமெரிக்க ராணுவம் முயன்றது. பாதுகாப்பான குழிக்குள் சிப்பாயை உட்காரவைத்து, மேலே நிஜக் குண்டுகளைப் பறக்கவிட்டு, எவ்வளவு அருகில் போனால் எப்போது குனிகிறான் என்று பார்த்தார்கள். இயந்திரத் துப்பாக்கியின் சத்தம், குண்டு கடக்கும் தூரம் இவற்றின் ஒப்பீட்டுப் பாதிப்பு பற்றி இதில் ஏதோ தெரியவரலாம். ஆனால் சாக மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தவனின் குனிதலை அளந்துவிட்டு, தெரியாதவனின் குனிதலுக்கு அதைப் பொருத்துவது எப்படி? நினைவிலிருந்து கேட்டறிவதும் பலிக்கவில்லை. அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ். எல். ஏ. மார்ஷல் 1947ல் நூறு பேரில் 15 முதல் 25 பேர்தான் சுடுகிறார்கள் என்று எழுதி உலகை உலுக்கினார். 1988ல் ரோஜர் ஸ்பில்லர் அந்த எண்களுக்கு அடிப்படையான குறிப்புகளே இல்லை என்று காட்டினார்.

எண்ணைவிட எனக்கு நம்பகமாகப் படுவது பிரிட்டிஷ் அதிகாரி லயனல் விக்ரம் 1943ல் சிசிலியிலிருந்து எழுதிய அறிக்கை. அவர் முன்வரிசைக்குப் போய்ப் பார்த்தவர். 22 பேர் கொண்ட ஒரு பிளாட்டூனில் 6 பேர் எங்கும் போவார்கள், 12 பேர் யாராவது முன்னால் போனால் பின்தொடர்வார்கள், மீதிப் பேர் நழுவப் பார்ப்பார்கள் என்றார். மேலிடத்துக்கு அது இனிக்கவில்லை, அவருடைய பதவி இறங்கியது. அவர் சொன்னது சரியென்றால், எல்லாச் சிப்பாயும் ஒரே மாறிலி என்று தொடங்கும் எந்தச் சமன்பாடும், முடக்கத்தைச் சேர்த்ததாக இருந்தாலும், முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறது. அந்த ஆறு பேரில் இருவர் அடிபட்டால் பிளாட்டூனே நின்றுவிடும். வேறு இருவர் அடிபட்டால் ஒன்றும் நடக்காது. தேய்வுக் கணக்கில் இரண்டும் ஒரே இரண்டு பேர்.

இவ்வளவு சொன்னபின் இந்தக் கணிதத்துக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிட வேண்டும். கடலில் இது நன்றாக வேலை செய்கிறது. கப்பல் குனியாது, குழி தோண்டாது, எண்ணிக்கை கையளவு, ஒரு அடிக்கு எத்தனை பங்கு பலம் போகும் என்று பொறியாளரே சொல்லிவிடுவார். வெய்ன் ஹியூஸ் 1980களிலும் 90களிலும் செதுக்கிய சரமாரிச் சமன்பாடுகள், ஏவுகணைக் காலத்தில் முதலில் கண்டுபிடித்து முதலில் சுடுபவருக்குக் கிடைக்கும் அபார லாபத்தைத் தெளிவாகக் காட்டின. 1942ல் மிட்வேயில் சில நிமிடங்களில் மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிகள் தீப்பற்றியதை அந்த மொழியில் எழுத முடிகிறது. தரையிலும் 1962ல் டெய்ச்மன் எழுதிய கொரில்லாப் போர் மாதிரி எனக்குப் பிடித்தமான ஒன்று. மறைந்திருப்பவன் குறிபார்த்துச் சுடுகிறான், அவனைத் தேடுபவன் புதரை நோக்கிச் சுடுகிறான். ஒருவனுக்கு இருபடி விதி, மற்றவனுக்கு நேர்விதி. ஒழுங்குப் படைக்கு ஏன் பல மடங்கு ஆள் தேவைப்படுகிறது என்பது உடனே புரிகிறது. எத்தனை மடங்கு என்று அது சொல்லும் எண்ணைத்தான் நம்பக் கூடாது. குவிப்பின் பயன், மறைப்பின் பயன், முந்துவதன் பயன்: இந்தத் திசைகளைக் கற்பிக்க இதைவிடச் சுருக்கமான கருவி இல்லை.

தவறு தொடங்குவது, திசை காட்டிய கருவியைத் தராசாக்கும்போது. 1991ல் வளைகுடாப் போருக்கு முன்பு வெளிவந்த கணிப்புகளில் பல, அமெரிக்க இழப்பு ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றன. களத்தில் இறந்த அமெரிக்கர் சுமார் 150 பேர். பிப்ரவரி 26 அன்று '73 ஈஸ்டிங்' என்று பெயர் பெற்ற பாலைவனக் கோட்டருகே, மணற்புயலில், எச். ஆர். மெக்மாஸ்டர் தலைமையில் ஒன்பது டாங்கிகள் கொண்ட ஒரு பிரிவு 23 நிமிடத்தில் இராக்கியரின் 28 டாங்கிகளை அழித்தது. தன் பக்கம் ஒரு டாங்கியும் போகவில்லை. பின்னர் ஸ்டீஃபன் பிடில் இதை அலசி, வெப்பப் பார்வைக் கருவி மட்டும் இதற்குக் காரணமில்லை, எதிரி செய்த அடிப்படைத் தவறுகளோடு அது சேர்ந்தபோதுதான் விளைவு இப்படி வெடித்தது என்றார். இரண்டு காரணங்கள் கூடாமல் பெருகும் இடத்தில், ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு மாறிலி என்று எழுதிய சமன்பாடு எப்படித் தாக்குப்பிடிக்கும்? இங்கே கணிப்பின் பிழை இரக்கத்தின் பக்கம் விழுந்தது. எதிர்ப்பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு சோம் நதிக்கரை இருக்கிறது.

என் தீர்ப்பு இது. லான்செஸ்டரின் தேய்வு விதிகள் கடற்போருக்கும் வான்போருக்கும், இலக்குகளை எண்ண முடிந்து அவை ஒளிய முடியாத எந்த மோதலுக்கும் தகுதியானவை. தரைப்போரில் அவை வாதத்துக்கு உதவும், கணிப்புக்கு உதவாது. எங்கலின் பொருத்தம் அந்த வரம்புக்கு உட்பட்ட ஒரு விதிவிலக்கு. முடக்க மாதிரிகள் தரைப்போரின் இயக்கத்தைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. ஆனால் அவற்றின் முக்கிய மாறிலி அளக்கப்படாதது, ஆகவே அவற்றிலிருந்து வரும் எந்த ஒற்றை எண்ணும் மாதிரியை எழுதியவரின் ஊகமே. இப்படியொரு அறிக்கையைக் கையில் வாங்கும் அமைச்சரோ தளபதியோ கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை பேர் சாவார்கள் என்பதல்ல. குனிந்தவன் எழ எத்தனை நொடி என்று வைத்திருக்கிறீர்கள், அதைப் பத்து மடங்கு மாற்றினால் உங்கள் பரிந்துரை மாறுமா? மாறாது என்றால் அறிக்கையை மேலே படிக்கலாம். மாறும் என்றால், அதிலுள்ள உயிரிழப்பு அட்டவணையைக் கிழித்துவிட்டு மீதியைப் படிக்கலாம். அந்த நொடியே அறிக்கையில் இல்லை என்றால், அது தரைப்போரைப் பற்றிய அறிக்கை அல்ல.